வினிகர் வெங்காயமும் தாய்மாமன் அண்டாவும்

1999, மே 30, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 11:20. கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது. வெயிலுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. காற்று துளியும் இல்லை. திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல் கொட்டகை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே ஏழு அடுப்பு. முதல் பந்திக்கு இன்னும் பத்து நிமிடம். 160 இலை போட்டாகிவிட்டது. அதில் 86 இலையில் வினிகர் வெங்காயம் வைத்தாகிவிட்டது. 87-வது இலைக்கு அள்ளப்போன கரண்டியை நான் பிடித்து நிறுத்தினேன்.

ஏன் நிறுத்தினேன் என்பது பிறகு வரும். முதலில், இதை இப்போது, ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து, 2014-இல், எதற்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். அந்தக் கோபம், இன்றைக்கு நம் சமையல் நிறுவனத்தின் பந்திகளை மேற்பார்க்கும் உங்கள் பதினோரு பேர் மேலும்தான்.

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு ரிசப்ஷன். விருந்தாளியாகப் போயிருந்தேன். சமையல் நம்முடைய நிறுவனம். ஒரு மேசையில் ஏழு செம்புக் கிண்ணங்கள், பின்னால் ‘பாரம்பரியம்’ என்று பூ வைத்து எழுதிய பலகை. மூன்றாவது கிண்ணத்தில் வெங்காயமும் கேரட்டும் வினிகரில் ஊறிக்கொண்டிருந்தன. விளிம்புக்குக் கீழே நூல் அளவுக்குப் பச்சையாக ஒரு கோடு. உங்களில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். “அங்கிள், வெறும் வினிகர்தானே. நேச்சுரல். வீட்டுல தரைகூட அதுலதான் தொடைக்கிறாங்க” என்றார்.

நான் கிண்ணத்தைத் தூக்கிக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். களைப்பாக இருக்கிறீர்கள் என்று குடிக்க எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அதுவும் செம்புச் சொம்பில்.

மறுநாள் நிறுவனத்தின் இன்றைய உரிமையாளர், என் பழைய முதலாளியின் மகள், தொலைபேசியில் பேசினார். வருத்தம் தெரிவித்தார். “நீங்க வாயால சொன்னா சண்டையாயிடுது சார். எழுதிக் குடுங்க, படிக்க வெக்கறேன்” என்றார். எழுதுகிறேன். படியுங்கள்.

முதலில் அந்தத் ‘தானே’யை விடுங்கள். உப்புதானே, சோடாதானே, வினிகர்தானே. பதினேழு வருடம் சமையல் கொட்டகையில் நின்றவன் சொல்கிறேன், நான் பார்த்த பெரிய தப்புகள் எல்லாவற்றுக்கும் முன்னால் யாரோ ஒருவர் ‘தானே’ என்று சொல்லியிருக்கிறார்.

வினிகர் என்று ஒரே சரக்கு கிடையாது. நீங்கள் கேன் கேனாக வாங்கும் வெள்ளை வினிகர், அசெட்டிக் அமிலத்தைத் தண்ணீர் விட்டு இளக்கியது. அட்டையில் ‘சிந்தெடிக்’ என்று போட்டிருக்கும். எழுத்து சின்னது, கண்ணாடி போட்டுப் படியுங்கள். காலிஃபிளவர் வறுவல், பச்சைமிளகாய் ஊறல், கோழியை மசாலாவில் ஊறவைப்பது, இதற்கெல்லாம் அது போதும். கரும்புச்சாறு, தென்னைக் கள், அரிசி, ஆப்பிள் ஆகியவற்றைப் புளிக்கவைத்து எடுப்பது வேறு வகை. புதுச்சேரிப் பக்கத்து வீடுகளில் கள் வினிகர் ஊற்றி மீனும் கறியும் வைப்பார்கள். அந்த ருசிக்கு வெள்ளை வினிகரை ஊற்றினால் வாயில் புளிப்பு மட்டும் மிஞ்சும். அரிசி வினிகர் சாது, சைனீஸ் சமையலுக்கு. ஆப்பிள் வினிகரைக் காய்கறி சாலட்டில் கலக்கலாம். அதை வெறும் வயிற்றில் குடித்துத் தொப்பையைக் கரைக்கிறேன் என்று உங்களில் மூன்று பேர் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். மூன்று பேரின் தொப்பையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கும் வெள்ளை வினிகர்தான். விழுப்புரம் போர் தண்ணீரில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படிகிறதல்லவா, பாதி வினிகர், பாதி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்தால் கழன்று வந்துவிடும். மீன் வெட்டிய பலகையின் வாடை போகும். கண்ணாடி துடைக்கலாம். பளிங்குத் தரையில் ஊற்றாதீர்கள், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். கிளம்புகிற வாயு நெஞ்சை அடைக்கும். இன்னொரு வேலைக்கும் அது உதவும். வினிகரில் உப்பைக் கரைத்துத் தேய்த்தால் பித்தளையும் செம்பும் புதுசு போல மின்னும். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

நான் வேதியியல் படித்தவன். பட்டம் வாங்கி, ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவிக்கொண்டிருந்துவிட்டு, 1993-இல் இந்தத் தொழிலுக்கு வந்தேன். சரக்கும் பாத்திரமும் என் பொறுப்பு. எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்பதால் எல்லோரும் என்னைக் ‘கணக்கு சார்’ என்றார்கள். கரண்டி எத்தனை போனது, எத்தனை வந்தது, எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியாதது எனக்குத் தெரியும்.

அந்த மே 30-ஆம் தேதி திண்டிவனத்தில் ஒரு காதணி விழா. ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்குக் காது குத்தல், 640 பேருக்கு மட்டன் பிரியாணி. அதே நாளில் முதலாளி விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்தையும் ஒப்புக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். “சமாளிப்போம் சார்” என்றார். சமாளிப்பது எப்போதும் வேறு ஒருவர் தலையில்தான் விழும். பாத்திரங்களை இரண்டாகப் பிரித்ததில் எங்களுக்கு வரவேண்டிய ஆறு எவர்சில்வர் டிரம்மில் ஐந்துதான் வந்தது. மூன்று தடவை எண்ணினேன். ஐந்துதான். மண்டபத்துத் தண்ணீர் உப்பு கரித்ததால் வெளியிலிருந்து குடிதண்ணீர் வாங்கி ஒரு டிரம்மில் நிரப்பினோம். மிச்சம் நான்கும் அரிசிக்கும் கறிக்கும் போய்விட்டன. வெங்காயம் ஊறவைக்கப் பாத்திரம் இல்லை.

வழக்கமாகப் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடிதான். முதலாளி புதுச்சேரியில் ஏதோ ஒரு ஓட்டலில் வினிகர் வெங்காயம் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்த வருடம்தான் எங்கள் பட்டியலில் அதைச் சேர்த்திருந்தார். கொட்டகையில் யாருக்கும் அது பழகாத பண்டம். அந்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது.

காலை ஆறரைக்குக் குழந்தையின் தாய்மாமன் வேனில் வந்து இறங்கினார். முகையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் சொந்த நிலம் வைத்து மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவர். மேளத்தோடு 21 சீர்த் தட்டுகள் உள்ளே போயின. 22-வதாக, மஞ்சள் குங்குமம் பூசி மாலை போட்ட ஒரு புதுப் பித்தளை அண்டா, இரண்டு ஆள் தூக்க வந்தது. அறுபது லிட்டர் பிடிக்கும். அவர் அதைத் தடவிக்கொண்டே நடந்துவந்தார்.

அந்தத் தடவலுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் மூத்த குழந்தையின் காதணி. அந்த வருடம் மல்லாட்டை காய்ந்துபோய், அவர் இரண்டு செட் துணியோடு வந்திருக்கிறார். தங்கையின் புருஷன், அதாவது இந்த விழா வீட்டுக்காரர், பந்தியில் எல்லோர் எதிரிலும், “தாய்மாமன் சீரு ஒரு மஞ்சப்பையில அடங்கிடுச்சு” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பை அடக்கத்தான் இந்த அண்டா.

பாத்திரம் இல்லாமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துத் தாய்மாமன் தானாக வந்தார். “எங்க அண்டால போட்டுக்குங்க சார். மேடையில வெச்சா இருபது பேர் பாப்பாங்க. பந்தியில வெச்சா அத்தினி பேரும் பாப்பாங்க.”

எங்கள் பெரிய மாஸ்டரைக் கூப்பிட்டேன். முப்பது வருடம் அடுப்படியில் நின்றவர். கையை விட்டு அண்டாவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, ஈயம் பூசவில்லையே என்றார். புதுசு, ஊருக்குத் திரும்பும்போது பூசக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம் என்றார் தாய்மாமன். மாஸ்டர் நீதிபதி போல ஒவ்வொன்றாகச் சொன்னார். புளி ஆகாது, களிம்பு ஏறும். தயிர் ஆகாது, மோர் ஆகாது. தக்காளி இருப்பதால் பிரியாணியும் ஆகாது. “வெங்காயம்தானே சார். போட்டுக்கலாம்.”

நான் தலையாட்டினேன். குறிப்பேட்டில் எழுதினேன்: ‘வெங்காயம் – மாமன் அண்டா – 6:50’. அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

ஏழு மணிக்கு 22 கிலோ வெங்காயம், ஒன்றரைக் கிலோ உப்பு, 14 பாட்டில் வினிகர். பாட்டில்களைத் திறந்து எண்ணிக் கொடுத்தவன் நான்.

இப்போது 11:20-க்கு வருகிறேன். பரிமாறுகிறவர் அண்டாவைக் கொஞ்சம் சாய்த்து வெங்காயம் அள்ளினார். வினிகர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. அது ஒதுங்கிய இடத்தில் பித்தளை தங்கம் மாதிரி மின்னியது. வினிகர் தொடாத மேல்பகுதி காலையில் பார்த்த அதே மங்கலோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவில், அளவுகோல் வைத்துக் கிழித்தது போல ஒரு பச்சைக் கோடு.

பக்கத்தில் நின்ற தாய்மாமனுக்குப் பூரிப்பு தாங்கவில்லை. “பாருங்க சார், உள்ள எப்பிடி மின்னுது. நல்ல சரக்கு.”

எனக்கு என் வீட்டுக் குத்துவிளக்கு ஞாபகம் வந்தது. என் மனைவி கார்த்திகைக்குக் கார்த்திகை புளி போட்டுத் தேய்ப்பாள். அந்தக் கைவலிக்கு இரக்கப்பட்டு, வினிகரில் உப்பைக் கரைத்துத் துடை, இருபது நிமிடம் மிச்சம் என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். விளக்கு மின்னும். துணி பச்சையாகிவிடும். அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுவோம். இங்கே துணி இல்லை. வெங்காயம்தான் துணி. அதை 86 இலையில் வைத்திருக்கிறோம்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். காசை நாக்கில் வைத்தது போல இருந்தது. துப்பினேன். மாஸ்டரிடம் ஒரு துண்டு கொடுத்தேன். அவர் மென்றார், நிறுத்தினார், தோள் துண்டில் துப்பி மடித்துக்கொண்டார்.

“புளிப்புன்னா பித்தளையில ஆவாதுன்னு நீங்கதானே மாஸ்டர் சொன்னீங்க” என்றேன்.

“தண்ணி மாதிரி கீது சார் அது. பாட்டில்ல வேற வருது. புளின்னா எனக்குத் தெரியும், தயிருன்னா தெரியும்.” குரல் அடங்கிப்போயிருந்தது. பிறகு நிமிர்ந்தார். “நீங்க படிச்சவரு. மூடியத் தொறந்து குடுத்தது நீங்க.”

அவர் சொன்னது சரி. இன்றைக்கும் அது சரிதான். அவர் சட்டத்தில் வினிகர் என்ற சொல்லே கிடையாது. என் பாடப் புத்தகத்தில் இருந்தது. அவருக்கு மூக்கும் நாக்கும்தான் படிப்பு. எனக்கு மூன்று வருடம் வகுப்பில் உட்கார்ந்த படிப்பு. இரண்டும் ஒரு அண்டாவைச் சுற்றி நின்று தலையாட்டியிருக்கின்றன.

மண்டப அலுவலகத்துக்கு ஓடி, விழுப்புரத்தில் இருந்த முதலாளிக்கு போன் போட்டேன். ஒரு இலைக்கு இரண்டு துண்டு, அதற்குப் போய் இந்தப் பேஜாரா என்றார். “ஜல்தியா பந்திய உடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வெங்காயத்தால் யாராவது செத்துப்போயிருப்பார்களா? மாட்டார்கள். சில பேருக்கு வயிறு புரட்டியிருக்கும், வாந்தி வந்திருக்கும், குழந்தைகளுக்குக் கூடுதலாக வந்திருக்கும். காதணி விழா. பந்தியில் பாதி குழந்தைகள். நான் முதலாளியின் பேச்சைக் கேட்கவில்லை. இதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை. நாக்கில் அந்தக் காசு ருசி இருக்கும்போது வேறு எதுவும் செய்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

வெங்காயத்தைக் கொட்டுவது என்று முடிவாகிவிட்டது. என்ன சொல்லிக் கொட்டுவது என்பதில்தான் நான் கெட்டேன்.

உள்ளதைச் சொன்னால், தாய்மாமன் அண்டாவில் களிம்பு ஏறி விருந்து கெட்டது என்றுதான் ஊர் பேசும். ஐந்து வருடம் கழித்து நிமிர்ந்து வந்த மனுஷன். அவர் மச்சான் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருக்கிறார், வாயில் அடுத்த சிரிப்பு தயாராக இருக்கும். யோசிக்க எனக்கு மூன்று நிமிடம்கூட இல்லை. விழா வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, வினிகர் கலந்ததில் ஆசிட் கூடிவிட்டது, என் கவனக்குறைவு, வெங்காயத்தைக் கொட்டுகிறேன் என்று சொன்னேன்.

அவர் என்னை என்னவெல்லாம் சொன்னார் என்று எழுதப்போவதில்லை. பதினான்கு வார்த்தை, அதில் ஒன்பது எழுதக்கூடாதவை. தாய்மாமன் அவருக்கு மேல் கத்தினார். “என் அண்டாவுல போட்டத மண்ணுல ஊத்துறியா? வேற அண்டா கெடைக்கலியா உனக்கு?” யாருக்காக நான் வாங்கிக்கட்டிக்கொண்டேனோ அவரிடமே. மாஸ்டர் தலையைக் குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

86 இலையையும் எடுத்துவிட்டு வேறு இலை போட்டோம். மிச்சமிருந்த ஒன்பது கிலோ வெங்காயத்தில் தயிர்ப் பச்சடி. பந்தி 25 நிமிடம் தாமதம். அண்டாவை நானே நான்கு தடவை கழுவினேன். உள்ளே குடிதண்ணீர் நிரப்பி, விளிம்பைச் சுற்றி மாலையைப் போட்டு, பந்தி வாசலில் முக்காலி மேல் வைத்தேன். வினிகர் தேய்த்த பித்தளை. வெயில் பட்டதும் உள்ளே விளக்கு ஏற்றியது போல இருந்தது. நுழைகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். விழா வீட்டுக்காரரே சொன்னார், என் காதால் கேட்டேன்: “எங்க வாங்கின மச்சான், தங்கமா மின்னுது?”

தாய்மாமன் முகத்தைப் பார்த்து, சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்று நினைத்தேன். இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இது நல்ல கதை. உங்களைப் போன்றவர்கள் என்னைத் தட்டிக்கொடுப்பீர்கள். நிறுத்த முடியாது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு அதே அண்டா விழுப்புரத்தில் எங்கள் அலுவலகப் படியேறி வந்தது. தாய்மாமன் தோளில் இருந்து இறக்கி என் மேசை முன்னால் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். தங்கம் போய்விட்டது. திட்டுத் திட்டாகச் செம்பு நிறத்தில் சிவந்து, நடுநடுவே கறுப்புப் புள்ளிகள். அமிலமும் உப்பும் நாலு மணி நேரம் ஊறிய பித்தளை அப்படித்தான் ஆகும். அதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் உட்காரவில்லை. நின்றபடி நடந்ததைச் சொன்னார். மூன்றாம் நாளே உள்ளே நிறம் மாறிவிட்டது. மச்சான் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். முலாம் பூசிய போலி, மஞ்சள் பையே தேவலாம் என்று சொல்லியிருக்கிறார். தங்கை அழுதுகொண்டு ஆள் அனுப்பியிருக்கிறாள். இவர் போய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் வாங்கிய கடைக்கு வந்து சட்டையைப் பிடித்திருக்கிறார். கடைக்காரர் அண்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் என்ன போட்டீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

“வெங்காயம்னேன். எதுல ஊறப்போட்டதுன்னான். சொன்னேன். சிரிக்கிறான் சார்.” அவர் குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “ஆசிட் கூடிப்போச்சின்னு சொன்னீங்களே. அது நெசமா?”

இல்லை என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பச்சைக் கோட்டை, என் வீட்டு விளக்கை, மாஸ்டர் துப்பியதை, உங்கள் மானம் போய்விடக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன் என்பதை.

அவர் அண்டாவின் விளிம்பில் கையை வைத்தார்.

“என் மானத்தக் காப்பாத்துங்கன்னு நான் உங்கள கேட்டனா சார்? என்னத் தனியா இட்டுக்கினு போயி, இந்த மாதிரி ஆயிப்போச்சி, ஈயம் பூசாத பாத்திரத்துல நாங்கதான் ஊத்திட்டோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கவுத்துட்டு ஊட்டுக்கு எடுத்துக்கினு பூட்டிருப்பேன். மறுநாளே ஈயம் பூசியிருப்பேன். நீங்க அதுல தண்ணிய ஊத்தி மாலையப் போட்டு வாசல்ல வெச்சீங்க. பொம்மை மாதிரி நான் பக்கத்துல நின்னுக்கினு பல்லக் காட்டிக்கினு இருந்தேன்.”

முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஏதாவது கொடுத்து அனுப்புங்கள் என்று கையால் சைகை காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். வாங்க, உங்கள் மச்சான் வீட்டுக்கே போய்ச் சொல்கிறேன் என்றேன்.

திண்டிவனம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். அண்டா எங்கள் முழங்காலை இடித்துக்கொண்டு வந்தது. கண்டக்டர் அண்டாவுக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். “உள்ள யாரும் ஒளிஞ்சிக்கினு இல்லியே? இருந்தா அதுக்கும் சேத்து எடுத்துடுங்க” என்றார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

மச்சான் வீட்டில் கூடத்தின் நடுவில் அண்டாவை வைத்தோம். நான் நின்றுகொண்டே சொன்னேன். இது சுத்தமான பித்தளை. போலியாக இருந்தால் இப்படிச் சிவக்காது, முலாம் உரிந்திருக்கும். ஈயம் பூசவில்லை என்று அவர் மறைக்கவில்லை, கேட்டதும் சொன்னார். அதில் வினிகரை ஊற்றச் சம்மதித்தது நான். ஆசிட் கூடியது என்று சொன்னது பொய். அதுவும் நான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மச்சானின் மனைவி, தாய்மாமனின் தங்கை, கதவோரம் நின்றிருந்தார். புதுத் தோட்டோடு குழந்தை காதைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

“இப்ப கூப்பிடுங்க தெருவ” என்றார் அந்த அம்மா புருஷனிடம். “அன்னிக்குக் கூப்பிட்டீங்களே, அதே நாலு பேரையும். இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க.”

மச்சான் எழுந்துவந்து குனிந்து அண்டாவுக்குள் பார்த்தார். விரலால் ஒரு சிவப்புத் திட்டைத் தேய்த்துப் பார்த்தார். நிமிராமலே கேட்டார்: “ஈயம் பூசினா சரியாயிடுமா சார்?”

ஆகிவிடும் என்றேன். பிறகு அவர் தாய்மாமனைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். அண்டாவை எடுத்துக்கொண்டு நான் மட்டும் விழுப்புரம் திரும்பினேன், ஈயம் பூசக் கொடுத்தேன். பூசியதும் உள்ளே வெள்ளி போல ஆனது. அதை எடுத்துக்கொண்டு போகத் தாய்மாமன் வரவில்லை. ஓர் ஆளை அனுப்பினார். அவரை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

பெரிய மாஸ்டர் அன்றிலிருந்து எந்தப் புதுப் பாட்டில் வந்தாலும், மூடியைத் திறந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பதினோரு பேருக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வினிகரைக் கண்ணாடியில் வையுங்கள், பீங்கானில் வையுங்கள், எவர்சில்வரில் வையுங்கள். பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு எதிலும் ஊறவைக்காதீர்கள். பலகையில் பாரம்பரியம் என்று எழுதுவதற்கு முன்னால், அந்தப் பாரம்பரியத்தில் ஈயம் பூசுகிறவர் ஒருவர் இருந்தார் என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் மீறித் தப்பு நடந்துவிட்டால், கொட்டுங்கள். ஏன் கொட்டினோம் என்று அந்தப் பாத்திரக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் மானத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

முதலாளி ஒரு காசு தரவில்லை. கொட்டிய சரக்கை என் பேரில் எழுதி, பந்தி தாமதமானதற்கு அரை மாதச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டார். உள்ளதை 11:20-க்கே சொல்லியிருந்தால் வெங்காயத்துக்கு 198, வினிகருக்கு 252, ஆக நானூற்று ஐம்பதோடு போயிருக்கும்; தாமதத்துக்கு நான் முதலாளியோடு சண்டை போட்டிருப்பேன், ஆனால் தப்பு என்னுடையது என்று நானே ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு எதை வைத்துச் சண்டை போடுவது? அரை மாதச் சம்பளம் 1,200. ஈயத்துக்கு 350. திண்டிவனம் போக வர, தாய்மாமன் தனியாகத் திரும்பிய டிக்கெட்டும் அண்டாவின் இரண்டு டிக்கெட்டும் சேர்த்து, 52 ரூபாய் 50 காசு.

மொத்தம் இரண்டாயிரத்து ஐம்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.